அடுத்த கப்பல்

மெட்ராஸில் என் மனைவிக்கு அவளுடைய அண்ணன் சிறுநீரகம் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அதற்கு முன் ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்காக அவள் இடது கையில் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். அதை அப்படியே விட்டு, கை வீங்கினாலோ கண் மங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் டாக்டர் எங்களை போர்ட் பிளேருக்கு அனுப்பினார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஹேடோ துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, வீடு ஷாதிபூரில்.

ஒரு வருடம் குறையில்லாமல் போனது. பிறகு ஒருநாள் சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். "முப்பத்தஞ்சு வயசுலயே வெள்ளெழுத்தா?" என்று கேலி செய்தேன்.

"குனிஞ்சா இருட்டிக்கிட்டு வருதுங்க" என்றாள்.

கையும் முகமும் வீங்கின. உள்ளூர் டாக்டர் பதறிப்போய், வருகிற கப்பலிலேயே மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். அதைக் காட்டி இரண்டு டிக்கெட் வாங்கினேன். வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு கப்பலேறியிருக்க வேண்டும்.

என் மேலதிகாரிக்கு மெயின்லேண்டில் மகள் கல்யாணம், டிக்கெட் கிடைக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேஜையில் கிடந்தது. அவர் கேட்கக்கூட இல்லை. என் முன்னால் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். நானே போய் நீட்டினேன். டிக்கெட்டில் பெயர் மாற்ற எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

வீட்டில், "கப்பல் ஃபுல்லு. அடுத்த கப்பல்ல போயிடலாம்" என்றேன். தீவில் அரிசிக்கும் அதே பதில்தான், சாவு வீட்டுக்குப் போவதற்கும் அதே பதில்தான். அவளும் தலையாட்டினாள்.

அடுத்த கப்பல் இன்ஜின் பழுதாகிப் பதினெட்டு நாள் கழித்து வந்தது. மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. குழாய் வழியாக வேகமாக வந்த ரத்தம் நெஞ்சுக்கு இறங்கும் பாதை அடைத்து, தலைப்பக்கம் தேங்கி, கண் நரம்பை அழுத்திக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். குழாயை அடைத்தார்கள். போன பார்வை போனதுதான்.

"ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

அவள் முந்திக்கொண்டாள். "கப்பல்ல எடமில்ல டாக்டர். பாவம், இவரு அலையாத எடமில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

நாங்கள் ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரி இனிப்போடு வந்தார். அவள் எதிரிலேயே என் தோளைத் தட்டி, "உஸ் தின் தும் டிக்கெட் நஹீ தேதா தோ பேட்டி கா ஷாதி மிஸ் ஹோ ஜாதா" என்றார். அன்று நீ டிக்கெட் தந்திருக்காவிட்டால் மகள் கல்யாணத்தையே தவறவிட்டிருப்பேன் என்கிறார். கடைத்தெரு இந்தி அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் போனதும், "அந்தக் கப்பல்ல நமக்கு எடம் இருந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

என் முகத்தை அவளால் பார்க்க முடியாது என்கிற தைரியத்தில், "இல்ல" என்றேன்.