ஜோக்கர் சீட்டில் மாமா

நேற்று கீழ்புத்துப்பட்டு டீக்கடை பெஞ்சுக்கடியில் ஒரு சீட்டு குப்புறக் கிடந்தது. காரில் வந்த யாரோ ஆடிவிட்டு விட்டுப்போனது. அதன் முதுகில் இருந்த நீல அலையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. எங்கள் பிரஸ்ஸில் அடித்தது. திருப்பினேன். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, தலையில் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

சீட்டுக்கு முதுகுதான் முக்கியம். ஒன்றில் மட்டும் மை கொஞ்சம் கூடிவிட்டால் ஆடுகிறவன் அடையாளம் வைத்துக்கொள்வான். பெரிய முதலியார்சாவடியில் இருந்த அந்தப் பிரஸ்ஸில் முனைகளை வளைத்து வெட்டுவது என் வேலை. அஞ்சாவதோடு நின்றவனுக்கு வேறென்ன தருவார்கள். உப்புக்காற்றில் அட்டை நமுத்துவிடும், வெட்டினால் ஓரம் பிசிறும். வெயில் ஏறிய பிறகுதான் கத்தியைத் தொடுவேன். காயாத மையின் வாசம் நான் தின்னும் சோற்றிலும் இருக்கும்.

ஒரு ரிசார்ட்டுக்காரர், உப்பளத்து ஆட்களின் படம் போட்ட சீட்டுக்கட்டு கேட்டார். முதலாளி மரக்காணம் உப்பளத்துக்கே வந்து, அங்கே உப்பு வாரும் மாமாவைப் படம் பிடித்தார்.

"நீதான்யா ராஜா. பலகைய நல்லாப் புடி."

மாமா உப்பு வாரும் பலகையைச் செங்கோல் மாதிரி பிடித்தார். அன்றைக்கே அளம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கட்டு வெளிவந்தபோது ராஜாவாக நின்றவன் யாரோ வெளியூர் மாடல். மாமா ஜோக்கர்.

அவர் பிரஸ்ஸுக்கே வந்தார். "ஏங்க, ராஜான்னுதானங்க சொன்னீங்க?"

"யோவ், ரம்மில ஜோக்கர்தான்யா பெரிய ஆளு. எங்க வேணா சேருவான்." எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அன்று வந்தது. "அப்ப உங்க போட்டோவ போட்டுக்கறதுதான சார்?"

சிரிப்பு நின்றது. என் வேலையும் நின்றது.

"இன்னா ஜோக்கரு, சாப்டியா?" என்பார்கள் அளத்தில். மத்தியானச் சீட்டாட்டத்தில் உட்காருவதையே மாமா விட்டுவிட்டார். போய்ச்சேரும்வரை தொடவில்லை.

மாலை போட ஒரு படம் இல்லை. ஆதார் படத்தைப் பெரிதாக்கினால் புகைதான் தெரிகிறது. அதனால் சீட்டை அக்காவிடம் கொடுத்தேன். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

"அந்தப் பேர மட்டும் வெட்டிட்டுக் குடுடா."

ஜோக்கர் என்ற எழுத்துகள் பலகையின் மேலேயே இறங்குகின்றன. வெட்டினால் பலகையும் அதைப் பிடித்த கையும் போய்விடும் என்றேன். பிரஸ் இப்போது காபி ஷாப். மாமா வாரிய பாத்தியில் பிளாட் கல் நட்டிருக்கிறது. அந்தப் பலகை மிச்சமிருப்பது இந்தச் சீட்டில் மட்டும்தான்.

"கை போனா போவட்டும்," என்றாள் அக்கா. "அந்தப் பேரோட அவரு என் சொவுத்துல தொங்க வேணாம்."