பேராசிரியரின் அமெரிக்கப் புத்தகம்

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு மருத்துவரின் படம் இருந்தது. உயர்ந்த கழுத்துப்பட்டி, இறுகிய உதடுகள். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகள் தலையெடுத்த காலத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மாணவரே எழுதிய வாழ்க்கை வரலாறு அது. யாங்கோனில் நான் உடற்கூறியல் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எங்கள் பேராசிரியரின் மேசையில் அது எப்போதும் கிடக்கும். பிண அறையிலிருந்து வந்து, வாசனை சோப்பில் கை கழுவி, பர்மியர்கள் நொறுக்காகத் தின்னும் ஊறிய தேயிலையை அள்ளித் தின்றபடியே எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். எண்ணெய் விரல் பட்டுப் பட்டுப் பக்கங்கள் கறுத்திருந்தன.

அவருக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வகுப்புக்கு உடல் கிடைக்காதபோது அந்த அமெரிக்கர் அடிமைகளின் இடுகாட்டைத் தோண்டச் சொன்னாராம். எழுதிய மாணவர் அதைத் துணிச்சல் என்று புகழ்ந்திருந்தார். அங்கே நிறுத்திப் பேராசிரியர் சிரிப்பார். பல்லிடுக்கில் தேயிலைத் துணுக்கு தெரியும்.

ஒருநாள் நகரின் பசுந்தாங் பகுதியிலிருந்து ஒரு தமிழம்மா வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் மருத்துவமனையில் இறந்திருந்தார். அம்மாவும் காய்ச்சலில் கிடந்ததால் உடனே வர முடியவில்லை. அதற்குள் கேட்பாரற்ற உடல் என்று எங்கள் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாவுக்குப் பர்மிய மொழி அரைகுறை. பேராசிரியர் என்னை அழைத்து, புதைத்தாகிவிட்டது என்று தமிழில் சொல்லச் சொன்னார். உடல் அடுத்த அறையில்தான் இருந்தது. நல்ல உடற்கட்டு, விட மனமில்லை என்று அந்த அம்மாவின் எதிரிலேயே பர்மிய மொழியில் சொன்னார், சந்தையில் மீன் பார்ப்பவரைப் போல.

"முகத்தையாவது காட்டச் சொல்லு தாயி," என்றார் அந்த அம்மா.

"உங்க வீட்டுக்காரர் இங்கதாம்மா இருக்கார். வாங்காமப் போகாதீங்க," என்றேன்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பசுந்தாங்கிலிருந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் உடலைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே என்னை வெளியூருக்கு மாற்றினார்கள்.

பேராசிரியர் சென்ற ஆண்டு இறந்தார். மாணவர்கள் சேர்ந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்கள். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கச் சொல்லி, யாங்கோனின் லத்தா பகுதியில் இப்போது நான் இருக்கும் வீட்டுக்கு ஓர் இளம் மருத்துவர் கொண்டுவந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான். புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றேன். ஏழை விதவை ஒருத்தியின் கண்ணீரைக் கண்டு மனமிளகி, பேராசிரியர் தாமே முன்வந்து கணவனின் உடலை ஒப்படைத்தாராம்.

நடந்ததைச் சொன்னேன். "ஸயாஜியைப் பத்தி அப்படி எழுத முடியுமா, ஸயாமா?" என்றார் அவர், பேராசிரியரையும் என்னையும் ஆசிரியர்களுக்குரிய பர்மிய மரியாதைச் சொற்களால் குறிப்பிட்டு.

"எழுத வேணாம். செத்துப்போன அந்த மூட்டை தூக்குற மனுஷனை மட்டும் உங்க புத்தகத்துலேர்ந்து எடுத்துடுங்க."

புத்தகம் வந்தது. மினுமினுக்கும் அட்டை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் புகழ்ச்சி. பசுந்தாங்குக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது முறையும் அவரை அந்த ஆளின் கையிலிருந்து வாங்கிவிட்டோம்.