கரண்ட் போன நேரத்தில் எடுத்த துறைமுகம்

நானா, என் அண்ணன், கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப், அரை மணித்தியாலம் ஓடினாலே அடிப்பக்கம் கொதிக்கும். மடியில் தலையணை, அதன் மேல் ஒரு தட்டு, அதற்கும் மேல்தான் லேப்டாப். கேஸ் இல்லாமல் உம்மா விறகு மூட்டுவார். அந்தப் புகையும் சூடான பிளாஸ்டிக் வாசமும் கலந்து வரும்...

மின்வெட்டு நாட்கள் அவை. பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை, அதனால் பள்ளிக்கூடமும் இல்லை.

நான் அப்போது தரம் ஒன்பது. எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில். வகுப்பில் என் பக்கத்துக் கதிரைக்காரி சாருவுக்கு வீடு கலஹாவில். அவளுடைய அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். அந்த இரண்டு மாதமும் நாங்கள் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் ஒரு வரைபடம்தான்.

போர், வணிகம், ஒப்பந்தம் என்று ஒரு நாட்டை நூற்றாண்டுக்கணக்கில் ஆளுகிற கம்ப்யூட்டர் கேம் அது. இணையம் வழியாக இரண்டு பேரும் ஒரே வரைபடத்தில் விளையாடலாம். கண்டியை யார் எடுப்பது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். சாரு எடுத்தாள். எனக்குக் கொழும்புப் பக்கத்துக் கோட்டை இராச்சியம்.

நான் எதையும் படித்துவிட்டு விளையாடுகிற ஆள். அரசர்களின் பெயர், படைகளின் எண்ணிக்கை எல்லாம் கொப்பியில் இருக்கும். சாரு ஒன்றையும் எழுத மாட்டாள். ஆனாலும் மலைக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தச் சின்ன நாட்டை மெல்ல மெல்லக் கிழக்கே நகர்த்தி, மூன்று வாரத்தில் திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டாள்.

"கடல பாத்துட்டேன் டி," என்றாள் போனில். "இனி ஒன் கோட்டையெல்லாம் எங்களுக்குக் கீழதான்."

எனக்கும் அந்தத் துறைமுகம் வேண்டும். கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு கப்பல் நிறுத்த எடம் தாறேன். போதும்ல?"

சாருவிடம் இருந்தது டெஸ்க்டாப். அவள் பக்கம் கரண்ட் போனால் அந்த நொடியே விளையாட்டிலிருந்து காணாமல் போவாள். அவளுடைய நாட்டைக் கம்ப்யூட்டர் நடத்தத் தொடங்கிவிடும். எனக்கோ பேட்டரி இருந்தது, போன் டேட்டா இருந்தது. அதனால் அவள் போனதும் நான் விளையாட்டை நிறுத்தி வைப்பேன். அப்படி ஒரு விதியை நாங்கள் பேசி வைக்கவில்லை. செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் அவளும் கடைசி நொடிவரை எழும்பாமல் விளையாடுவாள்.

ஒரு நாள் பின்னேரம், அவள் போன கையோடு உம்மா கூப்பிட்டார். "மகள், இந்த அடுப்ப கொஞ்சம் ஊதுங்க, கண்ணெல்லாம் எரியுது."

நிறுத்தி வைக்க மறந்து எழும்பிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விளையாட்டில் வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சும்மா ஒரு சின்ன ஒப்பந்தம் அனுப்பிப் பார்த்தேன். சாரு பலமுறை மறுத்த ஒப்பந்தம். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

அதை நான் சாருவிடம் சொல்லவில்லை.

மறுநாள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தேன். அவளுடைய பகுதிக்கு இரண்டரை மணி. இரண்டு மணிக்கே என் கப்பல்கள் எல்லாவற்றையும் திருகோணமலைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்னடி, ஊர்வலமா?"

"சும்மா... கடல் பார்க்க."

இரண்டரைக்கு அவள் போனாள். துறைமுகத்தைக் கொடு, இல்லாவிட்டால் போர் என்று அனுப்பினேன். சாருவாக இருந்தால் சிரித்திருப்பாள். கம்ப்யூட்டர் பயந்து கொடுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து நானா போன் எடுத்தபோது அவரிடம் சொன்னேன். "கேம் விடுதெண்டா அது களவில்ல தங்கச்சி," என்றார். "ஓட்டைய வெச்சது கேம் செஞ்சவனுகள்ட பிழ." எனக்கு அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கரண்டோடு சாருவும் விளையாட்டுக்குத் திரும்பி வந்தாள். அவள் வரைபடத்தில் தேடித் தேடி அழுத்தும் மவுஸ் சத்தம் போனில் கேட்டது.

"கரண்ட் போன நேரமா எடுத்த?"

"கேம் விடுதுதானே சாரு."

"கேம் விடும். நான் அங்க இல்லையே. என்னயவா தோக்கடிச்ச? நான் போன பொறகு கம்ப்யூட்டரத்தானே," என்றாள்.

திருப்பித் தருகிறேன் என்றேன். "வேணாம், வெச்சிக்க." கத்தவில்லை. அடுத்த நாளும் விளையாட வந்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதி...

ஆனால் அன்று மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே, "சேவ் பண்ணிருவோம் டி, நான் போறேன்," என்றாள். அதற்கடுத்த நாளும் அதே பத்து நிமிடம். போரின் நடுவில் இருந்தாலும் சரி, நான் நிறுத்தி வைக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி. கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற மாதிரி.

பிறகு பெட்ரோல் வந்தது, பஸ் ஓடியது, பள்ளிக்கூடம் திறந்தது. விளையாட்டு அப்படியே நின்றுபோனது.

இப்போது நாங்கள் உயர்தர வகுப்பில். மின்வெட்டு அட்டவணை என்று ஒன்று இல்லை. இத்தகைய ஓட்டைகளைப் பயன்படுத்துவது சரியா பிழையா என்று இணையத்தில் பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்கள். முன்பு ஒன்று விடாமல் வாசிப்பேன். இப்போது இரண்டாம் பக்கத்திலேயே அலுத்துப்போகிறது. தனியாகவும் விளையாடிப் பார்த்தேன். கேட்டதையெல்லாம் கம்ப்யூட்டர் கொடுக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன சனிக்கிழமை, வகுப்பு முடிந்து கலஹா பஸ்ஸுக்காகச் சாருவோடு நின்றபோது கேட்டேன்.

"திரும்ப ஒரு கேம் தொடங்குவமா? புதுசா?"

தூணில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. "நேரம் எங்கடி... வீட்டுக்குப் போனா தூங்குனா போதும்னு இருக்கு."

உண்மையான பதில்தான். அவள் முகத்தில் அந்தப் பழைய கோபம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

பஸ் வந்ததும் அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டாள்.