இடியப்பத் தட்டும் ஒரேயொரு ஃபேனும்

அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தபோது எங்களிடம் இருந்தவை எட்டு போர்ட், ஒரு நெட்வொர்க் சுவிட்ச், ஒரு மேசை ஃபேன். கல்முனையில் நான் கணினி கற்பித்த நிறுவனத்தில் பரலல் கம்பியூட்டிங் பாடம் நடத்த அவருடைய அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் இருபது பிள்ளைகள் கடைசி வருடத்தை வேறு ஊருக்குப் போய்த்தான் முடிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேரை வீட்டில் விடமாட்டார்கள். அதை நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போர்ட் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக் கணினி. எட்டையும் இணைத்து கிளஸ்டர் ஆக்கியிருந்தோம். ஒரு பெரிய கணக்கை எட்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும். ரேக் வாங்க வசதியில்லாததால் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுகளில் கட்டி அடுக்கினேன். ஓட்டை உள்ள தட்டு, காற்று நன்றாகப் போகும். சூடேறினால் இந்த போர்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஃபேன் எப்போதும் அவற்றைப் பார்த்தே சுழலும். ஒத்திகையில், ஒரு போர்ட் பத்து நிமிடம் எடுத்த கணக்கை எட்டும் சேர்ந்து ஒன்றரை நிமிடத்தில் முடித்தன.

அதிகாரி வந்தார். மட்டக்களப்புக்காரர், அமைதியான மனிதர். தட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"என்ன மிஸ், இடியப்பம் அவிக்கிறீங்களோ?"

சிரித்துக்கொண்டே புரோகிராமை ஓடவிட்டேன். அப்போதுதான் எங்கள் நிறுவன அதிபர் உள்ளே வந்தார்.

"என்ன மிஸ் இது, சேர் வேர்த்துப் போய் இரிக்காரு!" என்றவர், ஃபேனைத் தூக்கி விருந்தாளியின் முகத்துக்கு நேரே வைத்துவிட்டார்.

போர்டுகளுக்கு இனிக் காற்று இல்லை. வந்தவரிடமிருந்து காற்றைப் பிடுங்குவதா? அதிபரைப் பார்த்துக் கண்ணால் ஃபேனைக் காட்டினேன். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு அதை மூன்றாம் நம்பர் வேகத்தில் போட்டார்.

இரண்டு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. திரையில் கணக்கு பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. அதிகாரி சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எரிச்சல் என்று நினைத்தேன்.

"எட்டுப் பேர் சேந்து செய்தும் இவ்வளவு நேரமா?"

"அவசரமில்ல சேர், இப்ப குடிக்கப் பிளேன்டி வரும்," என்றார் அதிபர்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"சேர், குறை நினைக்காதீங்க. அந்த ஃபேன் ஒங்களுக்கில்ல. மிசினுக்கு!"

அதிபர் முகம் செத்துப்போனது. நான் யாரையும் பார்க்காமல் ஃபேனைத் திருப்பி, போர்டுகள் ஆறும்வரை நின்று, மறுபடி ஓடவிட்டேன். ஒன்றரை நிமிடம். கணக்கு முடிந்தது.

அதிகாரி அனுமதிப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"எனக்கு மூண்டு நாளாத் தடிமன், மிஸ், மூக்கு ஓயாம ஓடுது. இந்தக் காத்து எப்ப நிக்கும் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டிருந்தனான். வந்த இடத்தில எப்பிடிச் சொல்லுற?"

கற்பிக்க வரும் உங்களுக்கு இதையே சொல்வேன்: மிசினுக்கு வேண்டியதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். அன்று அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். இன்னும் இரண்டு நிமிடம் அப்படியே நடந்திருந்தால் இருபது பிள்ளைகளின் படிப்புப் போயிருக்கும்.