பஃபலோவா நியூ ஜெர்சியா: டெய்லர் கடையில ஒரு பஞ்சாயத்து

இன்னைக்கு உத்திரமேரூர்ல ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போனேன். கம்பெனியில அமெரிக்கா அனுப்புறாங்க, பஃபலோ, நியூ ஜெர்சி, பாஸ்டன், மூணுல எந்த ஊருன்னு நானே சொல்லணும்னு டெய்லர் அக்காகிட்ட வாயைக் குடுத்துட்டேன்.

கடையில எங்க ஊரு சாலவாக்கத்து அத்தைங்க ரெண்டு பேரு. ஒருத்தங்க பொண்ணு பஃபலோ, இன்னொருத்தங்க பையன் நியூ ஜெர்சி.

"பஃபலோ போ கண்ணு. வாடகை கம்மி, வூடு பெருசு. இன்னா, பனி கொட்டுச்சுன்னா கதவைத் தொறக்க முடியாது. நான் போயிருந்தப்ப ஒரு நாளு கூட வாசல்ல கோலம் போடல."

"நியூ ஜெர்சிதான். வூடு தீப்பெட்டி மாதிரிதான் கீது. ஆனா கீழ எறங்குனா இட்லி மாவு. தெருவுக்குத் தெரு நம்ம சாலவாக்கத்து ஆளுங்க. மருமவ இன்னா டிரெஸ் போட்டுக்கினு கடைக்குப் போறா, எல்லாம் எனக்கு போன் வந்துடும்!"

அதை அவங்க நல்ல விஷயமாத்தான் சொன்னாங்க.

"பாஸ்டன் எப்படி அத்தை?"

"வாடகையும் ஜாஸ்தி, குளிரும் ஜாஸ்தி. நம்மாளுங்க ஒருத்தரும் இல்ல."

அங்கயே நின்னுக்கினு 'பாஸ்டன்'னு மெயில் போட்டுட்டேன்.

பாஸ்டன்ல சாலவாக்கத்துக்காரங்க யாராவது கீறீங்களா? இன்னைக்கே சொல்லிடுங்க, ஊரை மாத்திக்கணும்.