சாயும் ரயிலில் ஒருவர்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சு கலந்து பேசும் எங்கள் தீவில், வக்குவா ஊரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கோபாலகிருஷ்ணன் பொய்யே சொல்லாத மனிதர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவர் சொன்ன ஒரு பொய்யில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

1998. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதற்காக ஒரு பழைய ரயிலை உருவாக்கிக்கொண்டிருந்தார். வளைவு வந்தால் உடம்பைச் சாய்த்துக்கொண்டு பறந்து, சில வருஷத்திலேயே இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ரயில். எவ்வளவு சாயும், எப்போது நிமிரும் என்று மனிதருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தேர் ரூஜ் ஊர்க்காரர் பொன்னுசாமிதான் கைகொடுத்தார். இங்கிலாந்தில் அந்த ரயிலுக்கே ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நுரையீரல் கெட்டிருந்தும் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு அளவாகச் சொன்னார்.

"நான் கீழ வேலை, தம்பி. உள்ள உக்காந்தது இல்ல. ஓடினா ஒரு தடவை கூப்பிடு, சில்வூப்ளே," என்று கெஞ்சினார்.

"முதல் டிக்கெட் உங்களுக்குத்தாண்ணே," என்றார் கோபாலகிருஷ்ணன்.

ரயில் ஓடியது. அவர் கூப்பிடவில்லை. லண்டன் பத்திரிகை ஒன்றின் போட்டிக்கு டிஸ்க்கைத் தபாலில் அனுப்பினார். 'முழுக்க என் உழைப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? பொன்னுசாமி இரண்டு முறை போன் செய்தபோதும், "இன்னும் முடியலண்ணே" என்றார். சொல்லும்போதே வாய் கூசியது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பிற்பகல் 3.10. வெளியே விடாத மழை. நாளைக்கு அவரைக் கூப்பிட்டுவிடுவது, உண்மையையும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு, ரயிலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

3.14. முதல் வளைவு. அழகாகச் சாய்ந்தது. அடுத்து நேர்ப்பாதை... மற்ற பெட்டிகள் நிமிர்ந்தன. இரண்டாம் பெட்டி மட்டும் நிமிரவில்லை. ஒரு பக்க ஜன்னலை நோக்கிச் சாய்ந்தே ஓடியது. கணக்கில் பிழை போலும் என்று நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

3.21. அதேதான்.

3.26. ஸ்பீக்கரில்... க்ஹ்... க்ஹ்... இருமல். அவர் சேர்த்திருந்தது என்ஜின் சத்தம் மட்டுமே.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

இருமல் நிற்கவில்லை.

3.29. தேர் ரூஜுக்குப் போன் போட்டார். பொன்னுசாமியின் மனைவி கோவிந்தம்மா எடுத்தாள்.

"அவர் ஃபின் மோர், மிஸ்யே. நேத்து இறந்து போயிட்டார். உங்க ரயில் முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு கேட்டுட்டே இருந்தார்."

போனை வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பாவி, ஒரு போன் செய்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து லண்டனிலிருந்து கடிதம் வந்தது. முதல் பரிசு அவருக்குத்தான். அடியில் ஒரு கேள்வி இருந்தது:

'இரண்டாம் பெட்டியில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அற்புதம். அவர் யார்? உங்கள் பெயரோடு அவர் பெயரையும் போட விரும்புகிறோம்.'

கோபாலகிருஷ்ணன் அந்த ரயிலில் ஒரு மனிதரைக்கூட வரைந்ததில்லை. டிஸ்க் தபாலில் போன அன்று பொன்னுசாமி உயிரோடு இருந்தார்.