அண்டம் பற்றி நான் வெட்டிய மூன்று வரிகள்

முப்பத்தோராவது வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். இன்றுவரை அதில் ஒரு பொய்தான் இருக்கிறது. போர்நிறுத்தக் காலத்தில், மன்னார்த் தீவில் நான் கணிதம் கற்பித்த பாடசாலையின் ஆண்டு மலரைப் பற்றி எழுதிய வரி அது.

மலருக்கு நான் பதிப்பாசிரியர். ஒவ்வோர் ஆண்டும் எழுத்துப்பிழை இல்லாமல் வெளிவரும் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை என்னுடைய பெயராகவே நான் நினைத்திருந்தேன். பஸ் ரிக்கற்றைக்கூட நாட்குறிப்பில் ஒட்டிவைப்பவன் என்று ஆசிரியர் அறையில் என்னைக் கேலி செய்வார்கள். அதுவும் எனக்குப் பெருமைதான்.

அந்த ஆண்டு பௌதிகம் கற்பித்த ரீச்சர் பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை தந்தார். அவர் அரிப்பு என்ற கரையோர ஊரைச் சேர்ந்தவர், கடற்றொழில் செய்யும் குடும்பம். கட்டுரை அண்ட மாறிலியைப் பற்றியது. அண்டம் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை என்று எல்லோரும் நம்பிய காலத்தில், ஈர்ப்பினால் அது தன்மேல் தானே விழுந்துவிடாமல் இருக்க, ஒரு பெரிய விஞ்ஞானி தன் சமன்பாட்டில் ஓர் எண்ணைச் சேர்த்தார். பிறகு விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவது தெரியவந்ததும் அந்த எண்ணைக் கைவிட்டார். இதுவரை எனக்கும் தெரிந்த கதை. என்னிடம் இருந்த பழைய புத்தகமும் இந்த இடத்தில்தான் முடிந்தது.

ரீச்சரின் கட்டுரை முடியவில்லை. அவர் இப்படி எழுதியிருந்தார்: “கரையிலிருந்து தள்ளிவிட்ட வள்ளம் முதலில் வேகம் குறைந்துகொண்டே போகும். கரை மரங்களின் மறைப்பைத் தாண்டியதும் வாடைக்காற்று பாயில் பிடித்து, போகப்போக வேகம் கூடும். அண்டமும் அப்படியே விரிகிறது, ஆகவே கைவிட்ட மாறிலி திரும்பி வந்திருக்கிறது.”

நான் உயிலங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எதைத் தள்ளிவிட்டாலும் அது ஓய்ந்து நிற்கும் என்பதே என் அறிவு. காற்றும் பாயும் அலங்காரம் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு சொல் கேட்காமல் அந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையால் வெட்டி, “தள்ளிவிட்ட வள்ளத்தைப்போல அண்டம் விரியும் வேகம் குறைந்துவருகிறது, மாறிலி நிரந்தரமாகக் கைவிடப்பட்டது” என்று மேலே எழுதினேன். அவருடைய பெயரோடு அது அச்சாகி வந்தது.

மேற்படிப்புக்கான ஓர் இடத்துக்குக் கொழும்பில் நேர்முகத்தேர்வு நடந்தது. அச்சகத்திலிருந்து வந்த பொதியைப் பிரித்துப் பார்க்காமலே அந்த மலரையும் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார் ரீச்சர். திரும்பி வந்த அன்று, இடைவேளை மணி அடித்ததும் நேரே என் மேசைக்கு வந்தார்.

“சேர், மலரில வந்தது நான் எழுதினது இல்லை. நேர்முகத்தில இருந்தவர் சிரிச்சவர். ‘மன்னாருக்குப் பேப்பர் வாறேல்லையோ ரீச்சர்’ எண்டு கேட்டவர்.”

தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளி எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்ததையும், விரிவின் வேகம் கூடுவதை அது காட்டியதையும் அவர் நின்றபடியே சொன்னார். பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

“என்ர கையெழுத்துப் பிரதி இருக்கோ சேர்? வெள்ளிக்கிழமைக்கிடையில அனுப்பினால் இன்னொருக்காப் பாக்கினமாம்.”

“அது அச்சகத்தில துலைஞ்சுபோச்சு, ரீச்சர்.”

“துலைஞ்சதோ?”

“ஓம்.”

பிரதி எனக்குப் பின்னால் அலுமாரியின் இரண்டாம் தட்டில், பெயர் எழுதிய கோவைக்குள் இருந்தது. அவர் அந்த அலுமாரியைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். மேற்படிப்பு இடம் வேறொருவருக்குக் கிடைத்தது. அன்றைய பக்கத்தில் நான் எழுதினேன்: “கட்டுரைப் பிரதி அச்சகத்தில் தொலைந்தது.”

மீண்டும் போர் வந்தது. இடம்பெயர்ந்தபோது எடுத்துப்போன ஒரே பெட்டியில் நாட்குறிப்புகளும் அந்தப் பத்துத் தாள்களும் இருந்தன. எரித்திருக்கலாம். எதையும் எறிந்து எனக்குப் பழக்கமில்லை. திருப்பிக் கொடுக்கத் துணிவும் இருக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை காலை பஸ்ஸில் அரிப்புக்குப் போனேன். ரீச்சர் இப்போது அங்கேதான் கற்பிக்கிறார். விறாந்தையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார்.

“வாங்கோ சேர், இருங்கோ. ரிக்கற் பத்திரமோ?”

சிரிக்க முடியாமல் கோவையை நீட்டினேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிவப்புக் கோடு வந்ததும் விரல் நின்றது.

“உங்களிட்ட இது துலையாது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ரிக்கற்றை ஒட்டிவைக்கிற மனுசன் பத்துத் தாளைத் துலைப்பாரோ?”

“பிறகேன் நீங்கள் கேக்கேல்ல?”

“கேட்டனான்தானே, சேர். ரெண்டுதரம் கேட்டனான்.”

சிவப்புக் கோட்டிலிருந்து விரலை எடுத்தார்.

“டயறியில என்ன எழுதினனீங்கள்?”

சொன்னேன்.

“பொய்யையும் வடிவா, பிழையில்லாமல் எழுதியிருக்கிறீங்கள்.”

அந்த விஞ்ஞானி வெட்டியது தன்னுடைய வரியை, நான் வெட்டியது இன்னொருவருடையதை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். ரீச்சரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. “மன்னியுங்கோ ரீச்சர்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் தாள்களை அடுக்கிக் கொப்பிகளுக்கு அடியில் வைத்தார். “இப்ப அது மாறிலிதானோ, இல்லை, காலத்தோட மாறுதோ எண்டு சண்டை நடக்குது. வாசிச்சனீங்களோ?”

“இல்லை.”

“வாசியுங்கோ. வாசிச்சிட்டுத் திருத்துங்கோ.” மேலே இருந்த கொப்பியை எடுத்து விரித்தார். நான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். அந்த வரியை வெட்டவில்லை. அதன் கீழே அன்றைய திகதியை இட்டு எழுதினேன்: “தொலையவில்லை. மறைத்தவன் நான். இன்று ஒப்படைத்தேன். மன்னித்ததாக ரீச்சர் சொல்லவில்லை.”